உள்ளே கிடந்த வேலி

அவருக்கு அடிக்கடி கோபம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வருகிற ஒன்று என்றால் நடுவில் ஒருமுறையாவது போயிருக்க வேண்டும். ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நாங்கள் வேலை பார்த்த அத்தனை காலத்திலும் அது போய் நான் பார்த்ததில்லை.

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், ஓலைக்கூரையும் இடுப்பளவு சுவருமாக ஒரு டுட்டோரியல் காலேஜ் இருந்தது. பரீட்சையில் தோற்றவர்களும் பெரிய காலேஜில் இடம் கிடைக்காதவர்களும் வந்து சேருகிற இடம். கொல்லயில், குளத்தூர், காரோடு என்று எல்லைப் பஞ்சாயத்துகளிலிருந்து பிள்ளைகள் நடந்தும் பஸ்ஸிலும் வருவார்கள். அவர் விலங்கியல் டீச்சர். நான் தாவரவியல். இரண்டு பேருக்கும் சேர்த்து ஓர் அலமாரி, ஒரு மைக்ராஸ்கோப். காலேஜ் நடத்தியவர் அதை வாங்கி வைத்ததே பிள்ளைகளைச் சேர்க்க வரும் தகப்பன்மார் கண்ணில் படட்டும் என்றுதான். கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் துணி போர்த்திக்கொண்டு அது சும்மா இருக்கும். அந்தத் துணியை எடுத்து மடித்து வைக்கத் துணிந்தவர் இவர் ஒருவர்தான்.

எதைப் பார்த்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி. "இது எங்கேருந்து வந்துது?"

மேல்வகுப்புக்குப் புது பெஞ்சு வந்திருக்கிறது என்று ஒருநாள் நடத்துகிறவர் பெருமையாகச் சொன்னார். கொள்ளாம் சாரே, நல்லாருக்கு என்று நாங்கள் தலையாட்டினோம். இவர் எழுந்து போய், பின்னால் இருந்த கீழ்வகுப்புக் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "அங்க பிள்ளைய தரையில இருக்குது சாரே. பெஞ்சு புதுசில்ல, இடந்தான் புதுசு" என்றார். அந்த மாதம் முழுக்க நடத்துகிறவர் எங்கள் அறைப் பக்கம் வரவில்லை.

கூட வேலை பார்த்த ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போனோம். பெண்ணின் கழுத்தில் கனமான ஒரு தங்க மாலை. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். இவர் பார்த்தது பெண்ணின் அக்காளை. அவள் சேலைத் தலைப்பைக் கழுத்தோடு சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மூத்தவளுக்க கழுத்தப் பாத்தேளா டீச்சரே" என்று என் காதில் சொன்னார். அவருடைய ரகசியம் பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து வரவேண்டியதாயிற்று. எனக்கு அன்று அவர்மேல்தான் கோபம்.

வகுப்பிலும் அதே கேள்விதான். பாடப்புத்தகத்தில் ஒரு படம் உண்டு. ஒரு வெள்ளணு, பக்கத்தில் ஒரு கிருமி. அடுத்த படத்தில் வெள்ளணு இரண்டு கைகளை நீட்டிக் கிருமியை வளைக்கிறது. மூன்றாவது படத்தில் கிருமி உள்ளே, வெள்ளணு பழையபடி அதே அளவு உருண்டை. பிள்ளைகள் அதை அச்சடித்ததுபோல வரைந்து கொண்டு வருவார்கள். இவர் எல்லாவற்றையும் சிவப்பு மையில் வெட்டுவார். புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று ஒரு பையன் முனகினான். இவர் பையிலிருந்து நூலுண்டையை எடுத்தார். கரும்பலகையில் வரைந்திருந்த முதல் படத்தைச் சுற்றி நூலை வைத்து அந்த நீளத்துக்கு வெட்டினார். அதே நூலால் இரண்டாவது படத்தைச் சுற்றினார். கைகள் நீண்டிருந்த இடத்தில் நூல் பாதியிலேயே தீர்ந்துவிட்டது.

"எலே, இது வாயில்லாத சீவனாக்கும். எதத் தின்னணும்னாலும் தனக்கத் தோலக் கொண்டு சுத்தணும். இந்தக் குறையிற தோலு எங்கேருந்து வந்துது?"

"இழுபடும் டீச்சர்."

"கொஞ்சம் இளகும். மிச்சத்துக்கு இழுத்தா கிழியும்."

"புதுசா உண்டாக்கும் டீச்சர்."

"அது உண்டாக்கி முடியட்டும்ணு கிருமி அங்க காத்து நிக்குமா?"

பிறகு அவரே சொன்னார். வெள்ளணுவின் மேல்சவ்வு சுருக்கம் சுருக்கமாகத்தான் இருக்கும், முதலில் அந்தச் சுருக்கம் நிமிரும். அது போதாது. செல்லுக்கு உள்ளே அதே மாதிரிச் சவ்வால் ஆன சின்னச் சின்னப் பைகள் கிடக்கின்றன. வெளியே ஒரு துகளைப் பிடித்ததும், பிடித்த அந்த இடத்துக்கே பைகள் ஓடிவந்து மேல்சவ்வோடு ஒட்டித் திறந்துகொள்ளும். உள்ளே இருந்த சவ்வு வெளியே விளிம்பாக விரியும். விளிம்பு வளர்ந்து துகளைச் சுற்றி மூடும். மூடியதும் அதுவும் ஒரு பையாகி உள்ளே போகும், அதற்குள் செரிக்கும் நீர் வந்து சேரும். அதோடு முடிவதில்லை. அந்தப் பையின் சவ்வைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து செல் மறுபடி மேலே அனுப்பிவிடும். அடுத்த துகளைத் தின்னப் போவதும் அந்தப் பழைய தோலை வைத்துத்தான்.

இப்போது இதெல்லாம் விரிவாகவே எழுதிக் கிடைக்கிறது. அன்றைக்கு இந்த எல்லை ஊரில் ஓலைக்கொட்டகையில் நின்று நூலை வைத்துச் சொன்னவர் அவர். திருவனந்தபுரத்தில் படித்த காலத்தில் நூலகத்தில் எங்கோ வாசித்ததாம். அவருக்கு அது மனதில் ஒட்டியதற்குக் காரணம் படிப்பல்ல. கடைசியில் பிள்ளைகளைப் பார்த்து, "விளைக்காரருக்க வேலி மாதிரி" என்று சொல்லி நிறுத்தினார். எனக்கு விளங்கவில்லை. மதியம் மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருக்கும்போது கேட்டேன்.

அவருடைய அப்பா விளைக்காரர் ஒருவரின் தென்னந்தோப்பில் குடிசை போட்டுக் காவலிருந்தவர். விளை என்றால் எங்கள் பக்கம் தோப்பு. நிலச்சட்டம் வந்தது. குடிகிடப்புக்காரனுக்கு, அதாவது இன்னொருவர் மண்ணில் குடிசை போட்டுக் கிடப்பவனுக்கு, குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் உரிமை என்றார்கள். அதிகாரி வந்து அளக்கப் போகிறார் என்று தெரிந்ததும் விளைக்காரர் ஒரு வேலை செய்தார். இவர்கள் சபைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோப்புக்கு நடுவே குறுக்கே ஓடிய சீமைக்கொன்னை வேலியைப் பிடுங்கி, குடிசைக்குப் பின்னால் ஒட்டி நட்டுவிட்டார். கிணறும் அயனி மரமும் அவர் பக்கம் போயின. ஆடி மழை. சீமைக்கொன்னைக் கம்பை எங்கே நட்டாலும் முளைக்கும். அதிகாரி வந்தபோது கம்புகள் தளிர்விட்டு நின்றன. பட்டையில் பாசி பிடித்திருந்தது.

"கம்பு பழசு, அதனால வேலி பழசுண்ணு எழுதிட்டாரு டீச்சரே. நான் அப்பம் பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ள. தோப்புக்குள்ள ஓடிப் போய்ப் பாத்தேன். வரிசையாட்டு குழி. வெள்ளம் கெட்டிக் கிடக்குது. சாரே, இந்தக் கம்பு எங்கேருந்து வந்துது, அந்தக் குழியப் பாருங்கண்ணு விளிச்சேன். ஆரும் வரல்ல. எங்கப்பாவே வரல்ல. சும்மா கிட ஏட்டிண்ணு கன்னத்துல ஒண்ணு தந்தாரு."

சொல்லிவிட்டு மிளகாயைக் கடித்தார். அந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க அவருடைய அம்மா பிறகு வருடக்கணக்கில் விளைக்காரர் வீட்டு அடுக்களை வாசலில் நின்று அனுமதி கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

நிலம் குறைந்ததும் விளைக்காரர் வீடு நொடித்துப்போகும் என்று ஊர் நினைத்தது. நொடிக்கவில்லை. அவருடைய மகன் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜன்ட் ஆனான். தோப்பில் கிடந்தவர்களின் பிள்ளைகள்தான் முதலில் போனார்கள். பாஸ்போர்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு அந்த வீட்டு வாசல்தான் தெரியும். டீச்சரின் அண்ணன் அப்படிப் போனவர். எண்ணெய்த் தொட்டிகளின் துருவைக் காற்றின் வேகத்தில் மணலை அடித்துச் சுரண்டும் வேலை. வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அந்தப் புழுதிக்குள் நின்றிருக்கிறார். அனுப்பிய பணத்தில் குடிசை இருந்த இடத்தில் கான்கிரீட் தூண்கள் எழும்பின. கூரை போடுவதற்கு முன்பே அவர் இருமலோடு திரும்பி வந்துவிட்டார்.

டாக்டர் காசநோய் என்றார். ஊசி, மாத்திரை, மறுபடி ஊசி. சளியில் கிருமி காணவில்லை என்று ஒவ்வொரு முறையும் வந்தது. ஆனாலும் ஊசி நிற்கவில்லை. அங்கே என்ன வேலை பார்த்தாய் என்று அந்த மனிதர் ஒருமுறை கூடக் கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டால் கிரீடம் சரிந்துவிடுமா? அம்மாவுக்கோ நோயைவிட நோயின் பெயர் பெரிய பயம். தெருவுக்குத் தெரிந்தால் இளையவனுக்கு, டீச்சரின் தம்பிக்கு, பெண் கிடைக்காது. ஏசி அறையில் படுத்ததால் வந்த நீர்க்கோவை என்று எல்லோரிடமும் சொல்லி, மகனைப் பின்னறையில் வைத்தாள். அவர் சாம்பல் போட்ட தேங்காய்ச் சிரட்டையில் துப்பிக்கொண்டு கிடந்தார். பீடி கூடக் குடிக்காத மனிதர்.

அப்போதுதான் இளையவனுக்கு விசா வந்தது. அதே கம்பெனி, அதே வேலை. கூரை போட வேண்டுமே என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். இளையவனுக்கும் ஆசை. வீட்டில் டீச்சர் கத்தியதெல்லாம் அவருடைய வழக்கமான கத்தலாகப் போய்விட்டது. வருடம் முழுக்கக் கோபப்படுகிறவருக்கு இதுதான் கஷ்டம், தேவைப்படும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

விளைக்காரர் மகன் பாஸ்போர்ட் வாங்க வருகிறான் என்ற அன்று காலை, அவர் அலமாரியைத் திறந்து மைக்ராஸ்கோப்பைப் பெட்டியோடு தூக்கி இடுப்பில் வைத்தார். யாரிடமும் கேட்கவில்லை. "சாயக்குப்பிய எடுத்துட்டு கூட வாருங்க டீச்சரே" என்று என்னிடம் சொன்னார். நான் போனேன்.

முற்றத்தில் துணி துவைக்கும் கல்லின் மேல் மைக்ராஸ்கோப்பை வைத்து, கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினார். உள்ளே போய் அண்ணனின் சிரட்டையை எடுத்து வந்தார். சளியில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து உலர்த்தி, நீலச் சாயம் விட்டுக் கழுவினார். நான் குனிந்து பார்த்தேன். வெளிறிய நீலத்தில் பெரிய பெரிய செல்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் கறுத்த பொடி. சில செல்கள் உடைந்து கிடந்தன, பொடி அப்படியே இருந்தது.

"இத வச்சு ஒரு டாக்டரும் மணலுண்ணு எழுத மாட்டான். அது எனக்குத் தெரியும்" என்று என்னிடம் சொன்னார். "எழுதண்டாம். இவன் பாத்தா போதும்."

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. விளைக்காரர் மகன் இறங்கி வந்து, கல்லின் மேல் இருந்ததைப் பார்த்துச் சிரித்தான்.

"இதென்ன டீச்சரே, வீட்டிலயும் கிளாஸா?"

"அண்ணனுக்க நெஞ்சாக்கும். வந்து பாரும்."

"ஓ, இதா. பீடி குடிக்கியவனுக்கு எல்லாம் கறுத்துத்தான் இருக்கும்."

"எங்கண்ணன் பீடி தொட்டதில்ல. நீரு சிகரெட் குடிப்பீருல்ல?" அவர் இன்னொரு கண்ணாடித் துண்டை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினார். "நெஞ்சக் காறி இதுல ஒருக்க துப்பும் வேய். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பம்."

அவன் பின்னால் நகர்ந்தான். அம்மா, "ஏட்டி, ஆருட்ட என்ன பேசுதா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணாடித் துண்டு அப்படியே நீண்டு நின்றது. இளையவன் முன்னால் வந்து அதை அக்காள் கையிலிருந்து வாங்கினான். திரும்பி நின்று இருமி, தன் சளியைத் துப்பிக் கொடுத்தான்.

அவனுடையதில் செல்கள் தெளிவாக இருந்தன. உள்ளே இரண்டொரு புள்ளி. அவன் அதைப் பார்த்தான், பிறகு அண்ணனுடையதைப் பார்த்தான். மறுபடி தன்னுடையதை வைக்கச் சொன்னான்.

"அந்தக் கறுப்பெல்லாம் தின்னதா அக்கா?"

"தின்னதாக்கும். துருவும் மணலும்."

"செரிக்காதா?"

"கிருமி செரிக்கும். மணலு செரிக்குமா மக்கா? அதுக்கு மணலுண்ணு தெரியாது. உள்ள இருக்கிய தோலெல்லாம் கொண்டுவந்து, நல்லாட்டு சுத்தி, பையில ஆக்கி வைக்கும். பைக்குள்ள கிடந்து மணலு பையக் கிழிக்கும். செரிக்க வச்ச நீரு உள்ளயே கொட்டும். செல்லு சாவும். மணலு வெளிய வந்து விழும். அடுத்த செல்லு வந்து அதே மணலத் தின்னும்."

"அப்பம் எப்பம்தான் தீரும்?"

"மணலு தீராது. நெஞ்சு தீரும்."

பின்னறையில் அண்ணன் இருமினார். இளையவன் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் போவல்ல" என்றான். விளைக்காரர் மகன் அதிர்ந்ததாகவே தெரியவில்லை. கார்க் கதவைத் திறந்துகொண்டு, "விசா ஒண்ணும் வீணாப் போவாது. ஆளா இல்ல?" என்றான். அதை நானும் கேட்டேன், டீச்சரும் கேட்டார். ஜெயித்த சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் அது காதோடு போயிற்று.

ஜெயித்தது என்று சொன்னாலும் வீட்டில் யாரும் அப்படி நினைக்கவில்லை. "மூத்தவன் விழுந்தான், இளையவன நீ இருத்திட்டா. இனி கூரை ஆரு போடுவா?" என்று கேட்டுவிட்டு அம்மா அவரோடு பேச்சை நிறுத்தினாள். தூண்களின் மேல் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் மழையில் துருப்பிடித்தன. இளையவன் ஓட்டுக் கம்பெனியில் சுமை தூக்கப் போனான். கூடப் படித்தவர்கள் வளைகுடாவிலிருந்து லீவில் வந்து சென்ட் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்த நாட்களில் அவனும் அக்காளைத் திட்டினான். அவர் திருப்பித் திட்டினார். இருந்து திட்டுகிறானே, அது போதும் என்று என்னிடம் சொன்னார்.

ஓணத்துக்கு முன்னால் அண்ணன் இறந்தார். அடக்கத்தில் போதகர், கர்த்தர் தம்முடைய பிள்ளையை எடுத்துக்கொண்டார் என்று ஜெபித்தார். "எடுத்தது ஆருண்ணு எனக்குத் தெரியும். கர்த்தருக்க மேல போடண்டாம்" என்று இவர் சத்தமாகச் சொன்னார். கூட்டத்தில் விளைக்காரர் மகன் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. இவரைத்தான் முறைத்தார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அதன் பிறகு அவர் காலேஜுக்கு வருவதே குறைந்தது. மைக்ராஸ்கோப்பும் வரவில்லை. புதுச் சேர்க்கை தொடங்கும் நேரம், அலமாரி காலியாக இருந்தால் என்ன மரியாதை என்று நடத்துகிறவர் குதித்தார். போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று என்னை அனுப்பினார். நான் போனபோது டீச்சர் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு குளத்தூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். கையில் அண்ணனின் கண்ணாடித் துண்டு, பஞ்சு சுற்றி ஒரு தீப்பெட்டிக்குள். வளைகுடாவுக்குப் போகும் பையன்கள் இருக்கும் வீடுகளைக் கேட்டுக் கேட்டு அவர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் மைக்ராஸ்கோப்பைக் கேட்கவில்லை. கூட நடந்தேன்.

ஒரு வீட்டில் ஒரு அம்மா மட்டும் இருந்தாள். டீச்சர் என்றதும் மரியாதையாக உட்காரச் சொல்லி, காண்பித்ததைக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது ஆருக்கது டீச்சரே?"

"எங்கண்ணனுக்கது."

"இப்பம் அவனுக்குக் கொள்ளாமா?"

"போயாச்சு. மணலடிக்கிய வேலைக்குப் போனவன். உங்க மொவனுக்கும் அந்த வேலைதாண்ணு கேட்டேன். அவன விளியுங்க, பாக்கட்டு."

அவள் நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அவன் போன வாரமே விமானம் ஏறியாச்சே டீச்சரே. எங்களுக்கு விசா கிடைக்கியதாட்டே இல்ல. ஆரோ ஒரு பய கடைசி நேரத்துல மாட்டேண்ணு சொல்லிட்டானாம். அது ஒழிஞ்சு கிடக்குது, உனக்கு வேணுமாண்ணு விளைக்காரர் மொவன் வந்து கேட்டாரு. எங்க அதிர்ஷ்டம்ணு நெனச்சோம்."

டீச்சர் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். எங்கேருந்து வந்துது என்று அவர் கேட்கவில்லை. நான் அறிந்து அவர் அதைக் கேட்காமல் விட்டது அந்த ஒரு முறைதான். கண்ணாடித் துண்டைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டியில் வைத்தார். பெட்டியைப் பூட்டினார். ரோட்டுக்கு வந்ததும் நின்றார்.

"எனக்க முத்தத்துலருந்து கம்பப் பிடுங்கினேன் டீச்சரே" என்றார். "குழி எங்க வீட்டில கிடக்குது. கொண்டுபோய் எங்க நடுவான்ணு நான் கேக்கல்ல."

பெட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். அவர் என்னை முறைத்துவிட்டு, அதை மறு இடுப்புக்கு மாற்றினார். அடுத்த வீட்டுப் படலையைக் காலால் தள்ளித் திறந்தார்.

"வீட்டுல ஆளுண்டா?"